ஸ்கை-வாட்சர் ஹெரிடேஜ் 130பி: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு மாணவருக்கு இந்த டெலஸ்கோப் சரிப்படுமா?

வேற்றுக்கோள் உயிர்களைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது, ‘525 மடங்கு’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட ஒல்லியான முக்காலி டெலஸ்கோப். அதன் பக்கமே போகாதீர்கள். தொலைநோக்கியின் திறனைத் தீர்மானிப்பது அதன் வாய் அகலம். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் உச்சவரம்பு. 60 மி.மீ. வில்லையில் 120 மடங்கைத் தாண்டினால் பெரிய மங்கல் வட்டம்தான் மிஞ்சும்.

அந்தக் கணக்கில் 130பி மதிப்பான கருவி. 130 மி.மீ. பரவளைய ஆடி, 650 மி.மீ. குவியத்தூரம், கூடவே கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளான 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள். குவியத்தூரத்தை இவற்றால் வகுத்தால் 26 மடங்கும் 65 மடங்கும். மேல்பாதிக் குழாய் இரண்டு கம்பிகளில் சரிந்து உள்ளே இறங்கிவிடும். மொத்த எடை 6 கிலோவை ஒட்டி. எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போகலாம், அலமாரிக்குள்ளும் அடங்கும். விலை கடைக்குக் கடை மாறினாலும் 500 வெள்ளிக்குள் முடித்துவிடலாம்.

முக்காலி கிடையாது; மேசைமேல் வைத்து மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளும் டாப்சோனியன் தாங்கிதான். சிங்கப்பூருக்கு இது குறையே அல்ல. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் ‘இக்குவடோரியல்’ தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நாம் இருப்பதோ 1.3 பாகை அட்சரேகையில். துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், ஏதாவது ஒரு புளோக் அதை மறைத்தே தீரும். மலிவான தாங்கிகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவும் முடியாது. சாய்த்தால் எடைக்கட்டி முக்காலிக் காலில் இடிக்கும்.

நம் வானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் முதலிடம் நமக்குத்தான். பால்வீதி, மங்கலான நெபுலாக்கள் எல்லாம் ஆசைப்பட வேண்டாம். ஆனால் கோள்களுக்கு ஒளிமாசு பெரிய தடையல்ல. இன்னும் சொல்லப்போனால், இந்த விஷயத்தில் ஐரோப்பியர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அங்கே சில ஆண்டுகள் கோள்கள் அடிவானத்தை உரசிக்கொண்டே போய்விடும். இங்கே வியாழனும் சனியும் உச்சிக்கு வரும்போது ஆண்டு எதுவானாலும் 60 பாகைக்கு மேல் நிற்கும். காற்றும் பல இரவுகளில் அசையாமல் இருக்கும்.

சிக்கல் வீட்டுக் கூரையில்தான். தாழ்வாரத்திலோ பால்கனியிலோ வைத்தால் மேல்மாடித் தளம் பாதி வானத்தை மறைத்துவிடும். கிழக்கு பார்த்த வீடாக இருந்தால் ஒரு வழி உண்டு. ஒரு கோள் சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தில், நம் கடிகாரப்படி இரவு 7 மணியை ஒட்டி உதிக்கும், 1 மணிக்குப் பிறகே உச்சிக்கு வரும். 9 மணிக்கு 25 பாகை, 10 மணிக்கு 40 பாகை. அந்த ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் தாழ்வாரத்துக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மற்ற நேரங்களில் ஈஸ்ட் கோஸ்ட், வெஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற திறந்த இடத்துக்குப் போய்க் கல்மேசை எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்தால் மூச்சுவிட்டாலும் படம் ஆடும்.

குறிபார்க்க வரும் சிவப்புப் புள்ளிக் கருவியை முதலில் டெலஸ்கோப்போடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். தூரத்துக் கிரேன் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு இதற்கு அருமையான குறி. எதிர் புளோக்கின் ஜன்னல் பக்கம் திருப்பிவிடாதீர்கள், விளக்கம் சொல்லி மாளாது. வேலை முடிந்ததும் விசையை அணைக்க மறந்தால் காசு போன்ற அந்த சிஆர்2032 மின்கலம் காலியாகிவிடும்.

இந்த ஊரில் கருவியைக் கெடுப்பது தூசியைவிட ஈரம்தான். வெளிக்காற்றின் ஈரம் பெரும்பாலான இரவுகளில் 24 பாகை செல்சியசை ஒட்டியே நீராகப் படியும். ஏர்கான் அறையில் 23 பாகையில் குளிர்ந்த ஆடியை அப்படியே வெளியே கொண்டுவந்தால் நொடியில் பனி மூடும். துடைக்காதீர்கள்: அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, கீறல் விழுந்தால் விழுந்ததுதான். மூடியைக் கழற்றாமல் அரைமணி நேரம் ஏர்கான் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். ஐபீஸ்களை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். குழாய் அதில் அடங்காது; காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் பெட்டியும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். மேற்கு வெயில் விழும் அறையில் மூடி இல்லாமல் வைக்கவே கூடாது. குழாயைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குறைகளுக்கு வருவோம். மேல்பாதி திறந்த அமைப்பு என்பதால் தாழ்வார விளக்கு நேராக உள்ளே புகும். நிலாவின் கருநிழல்கூடச் சாம்பல் நிறமாகத் தெரியும். கறுப்பு வேன்கார்ட் ஷீட் (கெட்டி அட்டை) ஒன்றை உருட்டி, மேல்வளையத்தின் வெளிப்புறமாகச் சுற்றி வெல்குரோவால் கட்டினால் தீரும். உட்புறம் சுற்றினால் ஆடிக்கு வரும் ஒளியை அதுவே மறைக்கும். நம் ஈரத்தில் அட்டை சில மாதங்களில் தொய்ந்துவிடும், நுரைத் தாள் நெடுநாள் உழைக்கும்.

அடுத்தது குவியத் திருகு. ஐபீஸைத் திருகித் திருகியே குவியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரையில் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு திருகலுக்கும் படம் ஒருபக்கமாகத் தாவும். ஹார்ட்வேர் கடையில் குழாய் மூட்டுக்கு விற்கும் வெள்ளை டேப்பை மரையில் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் ஆட்டம் அடங்கும். நான்காவது சுற்றில் திருகே இறுகிவிடும்.

பையில் தூக்கி அலைந்தால் ஆடிகள் நேர்கோட்டிலிருந்து விலகும். சித்திரை அல்லது கேட்டை நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவொத்து இருந்தால் சரி. ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் பின்புற மூன்று திருகுகளில் ஒன்றை எட்டில் ஒரு சுற்று திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

கூட வரும் 10 மி.மீ. ஐபீஸ் சுமார்தான். முதலில் செலவிட வேண்டியது 5 அல்லது 6 மி.மீ. ஐபீஸுக்கு, 130 அல்லது 108 மடங்கு கிடைக்கும்.

இனி, இதில் என்ன தெரியும்? உயிர் தெரியாது. உயிர் இருக்கலாம் என்று தேடும் இடங்கள் தெரியும். வியாழன் அருகில் வரும்போது 65 மடங்கில், வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவில் ஒன்றரை மடங்காக, இரண்டு பழுப்புப் பட்டைகளோடு நிற்கும். பக்கத்தில் வரிசையாக நான்கு புள்ளிகள், அதன் நிலவுகள். மாணவர் செய்ய வேண்டிய உண்மையான வேலை இங்கேதான். வியாழனின் விட்டத்தை ஓர் அலகாக வைத்து, ஒவ்வொரு நிலவும் எத்தனை விட்டம் தள்ளியிருக்கிறது என்று நேரம் குறித்து நோட்டில் வரையட்டும். அயோ 3 விட்டத்தைத் தாண்டாது, யுரோப்பா 5ஐத் தொடாது, கனிமீடு ஏழரை, கலிஸ்டோ 13 வரை போகும். மேகமில்லாத இரவுகளின் குறிப்புகள் சேரச் சேர, சுற்றுக்காலங்கள் தாமாக வெளிப்படும்: அயோ 1.77 நாள், யுரோப்பா 3.55, கனிமீடு 7.15. கிட்டத்தட்ட ஒன்று, இரண்டு, நான்கு.

யுரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் உறையாமல் இருப்பதாக அறிவியலாளர் கருதுவதற்குக் காரணமே இந்த விகிதம்தான். நிலவுகள் ஒன்றையொன்று தாளம் தவறாமல் இழுப்பதால் யுரோப்பாவின் பாதை முழு வட்டமாக மாற முடிவதில்லை. வியாழனை நெருங்கியும் விலகியும் போகும்போது அதன் உடல் பிசையப்பட்டுச் சூடேறுகிறது. 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனைச் சேரும், 2023இல் போன ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031இல். அதற்குள் நோட்டு ஒன்று நிரம்பியிருந்தால் அந்தச் செய்திகளைப் படிக்கும் விதமே வேறு.

சனியின் வளையம் 2025இல் விளிம்பாகத் திரும்பிக் கோடாக மெலிந்தது; இனி ஆண்டுக்காண்டு விரியும். அதன் நிலவு டைட்டன் புள்ளியாகக் கிடைக்கும். நீர் பீய்ச்சும் இன்னொரு நிலவான என்செலடஸை இந்த நகர வெளிச்சத்தில் எதிர்பார்க்க வேண்டாம். செவ்வாய்க்குப் பொறுமை வேண்டும். 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் ஒன்பது நாள் இடைவெளியில் சூரியனுக்கு எதிரே வருகின்றன, இரண்டும் மகம் நட்சத்திரத்தின் அக்கம்பக்கத்தில். டிசம்பர், ஜனவரி மழை ஓய்ந்து வானம் திறக்கும் மாதம் அது. செவ்வாயை வரையும் பிள்ளை இணையப் படத்தைப் பார்க்கும் முன்பே வரைந்துவிடட்டும். 1877இல் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கண்ட நேர்கோடுகளை, உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று பின்னால் பலர் நம்பினார்கள். பெரிய தொலைநோக்கிகளில் அவை கலைந்து வெறும் புள்ளிகளும் திட்டுகளுமாயின.

விண்மீன்களில் ஆல்ஃபா சென்டாரியை மே, ஜூன் மாலைகளில் தெற்கே தாழ்வாகப் பிடிக்கலாம், 65 மடங்கில் இரண்டாகப் பிரியும். 1995இல் கோள் கண்டுபிடிக்கப்பட்ட 51 பெகாசியும் எட்டும். ஆனால் நம் வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாததால் சிவப்புப் புள்ளி வெறும் இருட்டைத்தான் காட்டும். கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் என்னும் வான்வரைபடச் செயலியை வைத்துக்கொண்டு, 25 மி.மீ. ஐபீஸில் பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து படிப்படியாக நகர வேண்டும்.

கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி குறைவதை அளக்கும் திட்டம் மனத்தில் இருந்தால் இதை வாங்காதீர்கள். மோட்டார் இல்லாததால் 65 மடங்கில் வியாழன் மூன்று நிமிடத்தில் பார்வையைவிட்டு நழுவிவிடும். அந்த வேலைக்குத் தானே தொடர்ந்து படமெடுக்கும் ஸ்மார்ட் டெலஸ்கோப் வேண்டும். சீஸ்டார் எஸ்50 போன்ற 50 மி.மீ. கருவி அதைச் செய்யும், ஆனால் அதில் வியாழன் ஒரு சிறு பொட்டுதான்.

கரோசெல் விற்பனைத் தளத்தில் பழையது வாங்குவதென்றால், டார்ச்சைச் சாய்வாக அடித்து ஆடியைப் பாருங்கள். தூசிப் பொட்டுகள் பரவாயில்லை. சிலந்தி வலை போல நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. கழுவினாலும் பூச்சில் தடம் நிற்கும், விட்டுவிடுங்கள்.