பிசிஆர் கற்றுக்கொள்ள: ஐந்து நாள் பயிற்சியா, இரண்டு மாத லேப் வேலையா?

எலியை நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு நினைவாற்றலை அளக்கிறவர்கள், ஈஈஜி எடுக்கிறவர்கள், பேட்ச் கிளாம்ப் போட்டு நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கட்டத்தில் கைடு கேட்பார்: "சரிம்மா, மாலிக்யூலர் டேட்டா எங்கே?" எனக்கு அந்தக் கேள்வி பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் வந்தது. பயிற்சி பெற்ற எலிகளின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) பிடிஎன்எஃப் என்கிற நரம்பு வளர்ச்சிப் புரதத்தின் ஆர்என்ஏ கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் தெரிய வேண்டும். துளித் துளியாகத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டை நான் தொட்டதோ எம்.எஸ்சி. பிராக்டிகலோடு சரி. அதனால் சென்னையிலேயே கிடைக்கிற இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஐந்து நாள் கட்டணப் பயிற்சி. நகரத்தில் இப்படி நடத்தும் இடங்கள் நிறைய உண்டு, நான் போனது எது என்பது இங்கே முக்கியமில்லை. டிஎன்ஏ பிரிப்பது, பிசிஆர் போடுவது, ஜெல் ஓட்டுவது (பெருகிய டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரித்து, பேண்ட் என்கிற கோடுகளாகப் பார்ப்பது) என்று நாளுக்கு ஒன்றாகப் போனது. பிரைமர் (எந்தப் பகுதி பெருக வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), வெப்பநிலை எல்லாம் அவர்களே முன்கூட்டிச் சரிபார்த்து வைத்தவை, சாம்பிளும் அவர்களுடையதே. எல்லோருக்கும் பேண்ட் பளிச்சென்று வந்தது, சான்றிதழும் வந்தது. ஆனால் ஒரு மேசைக்கு ஆறேழு பேர், நான் பிப்பெட் பிடித்தது மொத்தமாக ஒரு மணி நேரம்கூட இருக்காது. கொடுத்த பணத்துக்கு இது போதாது என்று அன்றே கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது.

அதற்காக இதை ஒதுக்கிவிடவும் மாட்டேன். அளவைக் காட்டும் பிசிஆரான க்யூபிசிஆரில், சிக்னல் தெரியத் தொடங்கும் சைக்கிள் எண்ணான சிடி மதிப்பில் ஒரு சைக்கிள் வித்தியாசம் என்றால் தோராயமாக இரண்டு மடங்கு வித்தியாசம், பெருகிய டிஎன்ஏவைச் சூடாக்கிப் பார்க்கும் மெல்ட் கர்வில் இரண்டு முகடு தெரிந்தால் பெரும்பாலும் வேண்டாத எதுவோ பெருகியிருக்கிறது, இதெல்லாம் அங்கேதான் புரிந்தது. தானே செய்யப்போவதில்லை, வேறு லேபிலிருந்து வரும் டேட்டாவைச் சரியாகப் படித்தால் போதும் என்கிற டாக்டர்களுக்கும் ஈஈஜி ஆட்களுக்கும் ஐந்து நாள் போதும். கூடவே, க்யூபிசிஆர் முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2009-ல் வெளியான மிக்யூ நெறிமுறைகளைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது, தரமணியில் ஒரு லேபில் இரண்டு மாதம். கைடு எழுதிக் கொடுத்த கடிதத்தோடு தினமும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறுவேன். அங்கே வகுப்பு, அட்டவணை எதுவும் கிடையாது. ஒரு சீனியர் அக்காவின் பக்கத்தில் நின்று பார்த்து, அப்புறம் நாமே செய்து, கெடுத்து, மறுபடி செய்ய வேண்டியதுதான்.

மூளைத் திசு எவ்வளவு வேறானது என்பது அங்கேதான் கைக்குத் தெரிந்தது. கொழுப்பு அதிகம், ஆர்என்ஏ பிரிக்கப் பயன்படும் ட்ரைசால் திரவத்தில் அரைத்ததும் ஒருமுறை கூடுதலாக ஸ்பின் போட்டால்தான் மேலே மிதக்கும் கொழுப்பு விலகும். குளோரோஃபார்ம் சேர்த்துச் சுற்றினால் கீழே இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைப் படலம், மேலே தெளிந்த நீர். ஆர்என்ஏ இருப்பது மேலே, கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச ஆசைப்பட்டால் நடுப்படலத்தில் உள்ள டிஎன்ஏவும் கூடவே வந்துவிடும். நான் ஆசைப்பட்டேன்.

முதல் பிசிஆரில் பிடிஎன்எஃப் பேண்ட் அழகாக வந்தது. அக்கா ஜெல்லைப் பார்த்துவிட்டு ஒன்றே கேட்டார்: "ஆர்டி போடாத ட்யூப் எங்கே?" மறுநாள் அதையும் சேர்த்து ஓட்டினேன், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்டி, அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கும் நொதி) இல்லாத ட்யூபிலும் அதே பேண்ட், அங்கே எதுவும் வந்திருக்கக் கூடாது. பிடிஎன்எஃப் ஜீனில் புரதத்துக்கான பகுதி முழுவதும் ஒரே எக்ஸானில் (ஆர்என்ஏவில் தங்கும் ஜீன் துண்டு) இருக்கிறது, அங்கே வைத்த பிரைமருக்கு நடுவில் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) கிடையாது, அதனால் கலந்துவிட்ட டிஎன்ஏவும் ஆர்என்ஏவிலிருந்து வந்ததும் ஜெல்லில் ஒரே அளவில்தான் தெரியும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டுச் சுத்தம் செய்து, மூன்றாம் வாரத்தில்தான் நம்பக்கூடிய முடிவு கிடைத்தது. ஐந்து நாள் பயிற்சியில் இந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். நரம்பணு தூண்டப்பட்டதும் உடனே இயங்கும் சி-ஃபாஸ் போன்ற ஜீன்களின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ), தூண்டல் கிடைத்த அரை மணி நேரத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். எலியைக் கூண்டிலிருந்து எடுத்ததிலிருந்து ஹிப்போகேம்பஸ் ஐஸுக்குப் போகும்வரை ஒவ்வொரு நிமிடமும் டேட்டாவில் விழும். நடத்தை ஆய்வு செய்கிறவருக்குத் தேவையான பயிற்சி அதுதான்.

குறை? சம்பளம் இல்லை, கெமிக்கல் செலவில் பங்கு கேட்கலாம், அந்த அக்கா விடுப்பில் போனால் நம் வேலையும் நின்றுவிடும்.

வெளியூர் வழிகளும் உண்டு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப்பில் மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் இரண்டு மாதம் உதவித்தொகையோடு லேபில் இருக்கலாம், அது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரியில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்று பெயர்பெற்றது, ஆனால் விசாவும் விமானச் செலவும் நம்மில் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. யூடியூப் பார்த்துப் படிப்பது முன்தயாரிப்புக்கு மட்டும்.

திசுவைத் தானே எடுத்துத் தானே பிசிஆர் போட வேண்டியவர் என்றால் இரண்டு மாதம் ஒதுக்குங்கள், அதைத்தான் சொல்வேன். எங்கே பணம் கட்டுவதாக இருந்தாலும் முதலில் போன் செய்து கேளுங்கள்: என் சாம்பிளைக் கொண்டு வரலாமா, முடிவு வராவிட்டால் திரும்பப் போட விடுவீர்களா, ஒரு பிப்பெட்டுக்கு எத்தனை பேர்? போகும்போது விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாததால் என்னை முதல் நாள் திசுவையே தொட விடவில்லை.