பனோரமா 1453, இஸ்தான்புல்: முதலில் சுவர், பிறகு ஓவியம்

இஸ்தான்புல்லில் டோப்காபி என்ற பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. இரண்டுக்கும் டி1 டிராம்தான். அரண்மனைக்கு சுல்தானஹ்மத் அல்லது குல்ஹானேயில் இறங்க வேண்டும். பனோரமா 1453 அருங்காட்சியகம் இருப்பதோ பல கிலோமீட்டர் மேற்கே, பழைய நகரச் சுவருக்கு வெளியே, டோப்காபி நிறுத்தத்தை ஒட்டி.

2009இல் திறந்தது. 38 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் உட்புறம் முழுக்க ஒரே ஓவியம்: 1453இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத்திடம் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) விழும் காட்சி. நடுமேடையில் ஏறியதும் தரை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. வெடிச்சத்தமும் மேஹ்தர் எனும் ஒட்டோமான் படை வாத்தியக் குழுவின் முரசும் சேர, அந்த முதல் சில நிமிடங்களுக்கே டிக்கெட் காசு தகும்.

குறை வேறு. ஓவியத்தில் நல்ல வெயில், நீல வானம். மே 29 அன்று இறுதித் தாக்குதல் தொடங்கியது விடியலுக்கு முந்தைய இருட்டில். பெரிய குறை, ஒரே அடியில் சுவர் சாய்ந்ததுபோலத் தோன்றுவது. முற்றுகை ஏப்ரல் 6இல் தொடங்கியது. ஹங்கேரிக்காரர் ஓர்பான் வார்த்த பெரும் பீரங்கி சூடேறிவிடும் என்பதால் நாளுக்கு ஏழு முறை சுட்டாலே அதிகம். இடிந்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக மண், மரம், பீப்பாய் வைத்து அடைத்தார்கள். கல்லைவிட அந்த மண்மேடு குண்டை நன்றாக விழுங்கியது. காப்பவர்கள் ஏறக்குறைய 7,000 பேர்தான். அப்படியும் ஏழு வாரத்துக்கு மேல் தாங்கினார்கள். கடைசி நாளில் மூன்றாவது அலையாக சுல்தானின் சிறப்புக் காலாட்படையான ஜானிஸரிகள் வந்தபோது ஜெனோவாத் தளபதி ஜியுஸ்தினியானி காயப்பட்டு விலக, காவல் குலைந்தது.

இதெல்லாம் மேடையில் நின்றால் தெரியாது. அதனால் எதிர்னெகாபி என்ற பழைய நகர வாயிலருகே இறங்கி, சுவரை ஒட்டித் தெற்கே நடந்து வாருங்கள். நிலம் சரிந்து, இன்று வத்தன் சாலை ஓடும் பள்ளத்தில் இறங்கி, மறுபடி டோப்காபிக்கு ஏறும். லைகஸ் ஓடை ஓடிய பள்ளம் அது. எதிர்மேட்டில் பீரங்கி வைத்தவனுக்கு அங்கே சுவர் கீழே கிடந்தது. சுல்தான் முக்கியத் தாக்குதலை அங்கே வைத்ததும் அதனால்தான். 5ஆம் நூற்றாண்டில் எழுப்பிய உட்சுவர், வெளிச்சுவர், அகழி மூன்றையும் வழியில் பிரித்துப் பார்க்கலாம். நல்ல செருப்பு போடுங்கள், கற்கள் பெயர்ந்து கிடக்கும். இருட்டிய பிறகு வேண்டாம்.

அருங்காட்சியகத்துக்குள் ஒரு மணி நேரம் தாராளம். முதலில் தகவல் பலகைகள், கடைசியில் மேடை. நகரின் துறைமுகமான பொற்கொம்புக்குள் (கோல்டன் ஹார்ன்) எதிரிக் கப்பல் நுழையாதபடி அடைத்த சங்கிலியின் மிச்சம் பார்க்க ஆசையிருந்தால் ஹர்பியேயில் உள்ள ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.