4கே டிஸ்க்: அட்டை சொல்வதும் திரை காட்டுவதும்

4கே திரைப்பட டிஸ்க்கின் (4கே அல்ட்ரா எச்டி ப்ளூரே) அட்டையில் 4கே என்று போட்டிருப்பது பிக்சல் கணக்கு மட்டும்தான். ஸ்ட்ரீமிங்கிலும் அதே 3840×2160 தான் வருகிறது. டிஸ்க்கை வாங்க வைக்கும் காரணம் பிட்ரேட், அதாவது ஒரு வினாடிக்கு வரும் தகவலின் அளவு. ஸ்ட்ரீமிங் 4கே பெரும்பாலும் வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டில் ஓடும். 100 ஜிபி டிஸ்க்கில் 128 மெகாபிட் வரை போகலாம். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்த வித்தியாசம் தெரியாது. மழை, புகை, இருட்டில் அலையும் டார்ச் வெளிச்சம் வரட்டும். ஸ்ட்ரீமிங்கில் புகையின் ஓரம் கட்டம் கட்டமாக உடையும், அந்தி வானம் பட்டை பட்டையாகப் பிரியும். நல்ல டிஸ்க்கில் இரண்டும் நடக்காது.

‘நல்ல’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஸ்க்குக்கு மூலமான மாஸ்டர் பிரதி கெட்டிருந்தால் பிட்ரேட் எதையும் காப்பாற்றாது. ஃபிலிமில் எடுத்த படமானால் முதலில் பார்க்க வேண்டியது கிரெய்ன், அதாவது ஃபிலிமுக்கே உரிய துகள். முகம் நெருக்கத்தில் வரும் ஷாட்டில் மெல்லிய துகள்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தோலின் துளைகளும் மூன்று நாள் தாடியும் தெரிய வேண்டும். கன்னம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தால் டிஎன்ஆர் என்னும் இரைச்சல் நீக்கம் அளவு மீறிப் போயிருக்கிறது. துகளை அழிக்கும்போது நுணுக்கமும் சேர்ந்தே போகும். போனதை ஈடுகட்ட ஷார்ப்னஸ் ஏற்றுவார்கள். அப்போது வானத்துக்கு எதிரே நிற்கும் ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். 2010இல் வந்த ‘பிரிடேட்டர்’ ப்ளூரே மறுபதிப்பு இந்த மெழுகு முகத்துக்குப் பேர்போனது. “படம் புள்ளி புள்ளியா இருக்கு” என்று குறை சொல்பவர்களைத் திருப்திப்படுத்தத்தான் இந்த வேலையெல்லாம். பாவம், ஒளிப்பதிவாளர்.

டிஜிட்டலில் எடுத்த படங்களில் வேறொரு சிக்கல். கிராஃபிக்ஸ் செலவு கருதி 4கேயின் கால்பங்கு பிக்சலே உள்ள 2கேயில் முடிக்கப்பட்டு, பிறகு 4கேவுக்குப் பெருக்கப்பட்டவை ஏராளம். அவற்றில் கூர்மை பெரிதாகக் கூடாது, லாபம் வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வீச்சைக் கூட்டும் எச்டிஆரில் மட்டும். அதைக் கண்ணாடி விளக்கிலும் கறுப்புக் கோட்டிலும் சோதிக்கலாம்: எரியும் விளக்குக்குள் இழை தெரிகிறதா, கோட்டின் மடிப்பு இருட்டில் கரையாமல் நிற்கிறதா? படம் மொத்தமும் மங்கலாக இருந்தால் டிஸ்க்கைத் திட்ட அவசரப்பட வேண்டாம். 1000 அல்லது 4000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) உச்சத்தை வைத்து மாஸ்டர் செய்ததை 400 நிட் டிவி தன் எல்லைக்குள் சுருக்கித்தான் காட்ட முடியும்.

சோதிக்கும் முன் டிவியை ஒழுங்குபடுத்த வேண்டும். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அது, இல்லையென்றால் சினிமா மோடு. அசைவை வழுக்கலாக்கும் மோஷன் வசதியை அணைத்து, பிளேயரில் 24பி (வினாடிக்கு 24 ஃப்ரேம்) வெளியீட்டைப் போட வேண்டும். பல டிவிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டை விரிவாக்கிய (Enhanced) நிலைக்கு மாற்றாவிட்டால் 10-பிட் எச்டிஆர் வரவே வராது. டிஸ்க் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களில் சிலர் இந்த ஒரு அமைப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஒலியில் டிஸ்க்குக்குப் போட்டியே இல்லை. சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் ஸ்ட்ரீமிங்கில் வருவது பெரும்பாலும் தகவலை இழந்து சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸில். டிஸ்க்கில் இழப்பற்ற ட்ரூஎச்டியில். ஆனால் அது ஸ்பீக்கர்வரை போய்ச் சேர வேண்டுமே. பிளேயரை நேரே ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் செருக வேண்டும். டிவி வழியாகத்தான் என்றால் டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் சாதாரண ஏஆர்சி போதாது, அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி தேவை. பிளேயரில் ‘செகண்டரி ஆடியோ’ ஆன் ஆகி இருந்தால் மெனு ஒலியைக் கலப்பதற்காக மொத்த ஒலியையும் தரம் குறைத்து அனுப்பிவிடும். அதை அணைத்து, ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் போட்டுவிட்டு, ரிசீவரின் முகப்பில் ‘ட்ரூஎச்டி’ அல்லது ‘அட்மாஸ்’ என்று வருகிறதா என்று பார்க்கலாம்.

கேட்கும்போது வெடிச்சத்தத்தில் மயங்க வேண்டாம், அது எதிலும் நன்றாகத்தான் இருக்கும். கிசுகிசுப்பைக் கவனிக்க வேண்டும். வசனத்துக்காக வால்யூமைக் கூட்டுவதும் சண்டைக்காகக் குறைப்பதுமாக ரிமோட்டை விடமுடியவில்லை என்றால் சென்டர் ஸ்பீக்கரின் அளவைச் சரிபார்த்த பிறகே டிஸ்க்கைக் குறைசொல்லலாம். ஒற்றைச் சேனல் மோனோவில் வெளியான பழைய படத்தை ஆறு சேனல் 5.1க்கு மாற்றியிருந்தால் பழைய மோனோ டிராக்கும் இருக்கிறதா என்று அட்டையின் பின்பக்கம் பார்த்து வாங்குவது நல்லது. புதுக் கலவையில் துப்பாக்கிச் சத்தத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

55 அங்குலத் திரையை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, டிவி ஸ்பீக்கரிலேயே பார்ப்பவருக்கு 4கே அல்லாத நல்ல சாதாரண ப்ளூரே போதும். அந்தத் தூரத்தில் 4கேயின் கூடுதல் பிக்சல்களைக் கண் பிரித்தறியாது. பெரிய திரையும் தனி ரிசீவரும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். மூன்று அடுக்கு 100 ஜிபி டிஸ்க்குகள் விரல் அழுக்கைக்கூடப் பொறுக்காமல் நடுப்படத்தில் உறைந்துபோவதுண்டு. மெல்லிய நுண்ணிழைத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்துப் பார்த்தும் அதே இடத்தில் நின்றால் மாற்றித் தரச் சொல்ல வேண்டியதுதான்.