பல்டர்ஸ் கேட் 3: இனத்தை மாற்றினால் கதையே மாறுகிறது

பல்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ விளையாட்டை மூன்று தடவை தொடங்கி, இரண்டு தடவை கடைசிவரை முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். கல்லடியில் எங்கள் வீட்டு இணைப்புக்கு 150 ஜிபி என்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரவு டேட்டாவை நம்பி இறக்க வைத்துவிட்டுப் படுப்பது, நடுச்சாமத்தில் கரண்ட் போவது, விடிய எழும்பி எத்தனை வீதம் வந்திருக்கிறது என்று பார்ப்பது, இப்படியே ஒரு கிழமைக்கு மேல் போனது. அவ்வளவு பாட்டுக்கும் தகுமா என்றால், தகும். கதையும் சண்டையும் எப்படி என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, ஆளை உருவாக்குகிற அந்த முதல் திரையைப் பற்றியும், அங்கே நாம் எடுக்கிற இனம் பிறகு கதைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பற்றியும்தான்.

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஓகஸ்ட்டில் வெளியிட்ட விளையாட்டு இது. மனிதர், எல்ஃப், ட்ரோ, ட்வார்ஃப், டீஃப்லிங், கித்யாங்கி, டிராகன்போர்ன் என்று மொத்தம் 11 இனங்கள், பலவற்றுக்கு உட்பிரிவுகளும் உண்டு, கிளாஸ், அதாவது போர்வீரன், மந்திரவாதி போன்ற தொழில் வகை, 12.

ஆனால் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. 2011இல் வந்த ஸ்கைரிமிலேயே 10 இனங்கள் இருந்தன. அதை நான் கஜீத்தாக, அதாவது பூனைமுக இனமாக விளையாடினேன். அந்த உலகத்தில் கஜீத் வியாபாரிகளை நகரங்களுக்குள் விடுவதில்லை, மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்துத்தான் சாமான் விற்பார்கள், நீங்கள் போய்ப் பேசினால் அந்த மனக்குறையையும் சொல்வார்கள். நானும் அதே இனம்தான். ஆனால் மற்ற எல்லாரையும் போலவே என்னையும் உள்ளே விட்டார்கள், படுக்க அறை தந்தார்கள், பட்டமும் தந்தார்கள். ஸ்கைரிம் எனக்கு இன்றைக்கும் மிகப் பிடித்த விளையாட்டு, இருந்தாலும் அந்த இடம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வால் வைத்த மனிதனாகத்தானே அத்தனை மணித்தியாலமும் அலைந்தேன்?

பல்டர்ஸ் கேட் 3இல் அப்படி இல்லை. தொடக்கத்திலேயே பாழடைந்த கிராமம் ஒன்று வரும், கூரைகளில் கோப்ளின்கள் என்ற குட்டை அரக்கர்கள் வில்லோடு நிற்கும். முதல் தடவை எல்ஃபாகப் போனேன், நயமாகப் பேசிப் பார்த்தேன், பேச்சு பலிக்குமா என்று தீர்மானிக்கிற பகடை காலை வாரிவிட்டது, சண்டையில் பாதிப்பேர் விழுந்துபோனோம். இரண்டாம் தடவை ட்ரோவாக, சாம்பல் நிறத் தோலும் வெள்ளை முடியுமாக அதே பாதையால் வந்தேன். அதே கோப்ளின்கள், அதே கூரை, ஆனால் பேச்சு அடியோடு வேறு. குரலில் ஒரு பயம், ஒரு மரியாதை, சண்டையே இல்லாமல் வழி விட்டார்கள். மட்டக்களப்பில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு, வாசலில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆளை எடைபோடுவது என்றால் என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை. இந்த முறை அதன் மறுபக்கத்தில் நின்றேன். தப்பினோம் என்ற சந்தோஷத்தை விட, என்னைக் கண்டு ஏன் இப்படி ஒதுங்குகிறார்கள் என்ற யோசனைதான் கூட இருந்தது.

சின்னச் சின்ன விஷயங்களிலும் இனம் தெரியும். குள்ள இனங்களான ட்வார்ஃப், ஹாஃப்லிங், நோம் மூன்றும் சண்டையில் தங்கள் முறை வரும்போது 7.5 மீற்றர்தான் நடக்கும், மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு 9. எழுதும்போது சின்ன வித்தியாசம்தான், ஆனால் கோடரியோடு ஓடிப்போய் எதிரிக்கு ஒரு எட்டு முன்னால் நின்றுவிடும்போது தெரியும்.

தங்கச்சி எடுத்தது டீஃப்லிங். திரையைப் பார்த்த அம்மம்மா, “இதென்ன மனே, புள்ளைக்குக் கொம்பு வச்சிரிக்கு?” என்று கேட்டா. தங்கச்சி ஒரு மணித்தியாலம் அந்த முகத்தைச் செய்வதிலேயே இருந்தாள். எங்கள் வீட்டுச் சுருள்முடி அதில் இருக்கிறது, கறுத்த தோலுக்கே பல நிறங்கள் இருக்கின்றன, வெளிச்சம் பட்டால் அது சாம்பலடித்துப் போகாமல் உயிரோடு தெரிகிறது. வெண்திட்டு, தழும்பு, புள்ளி, முதுமைச் சுருக்கம், இரண்டு கண்ணுக்கு இரண்டு நிறம், எல்லாம் வைக்கலாம். அப்புறம் கதைக்குள் போனால், டீஃப்லிங் மக்கள் ஊரை விட்டு வந்து ஒரு தோப்பில் ஒதுங்கியிருக்கும் அகதிகள், அங்கே இருக்கிறவர்கள் அவர்களை வெளியே போகச் சொல்கிறார்கள். அவள் எல்லா வேலையையும் விட்டுவிட்டு அந்தத் தோப்பைத்தான் முதலில் காப்பாற்றினாள்.

குறை இருக்கிறது. முகங்கள் எல்லாம் முன்பே செய்து வைத்தவை. மூக்கை அகலமாக்க, தாடையை இறக்க வழியில்லை. உடம்பு வகை நான்குதான், தொப்பை வைத்த ஆளையோ கட்டையான மனிதனையோ செய்யவே முடியாது. இந்த விஷயத்தில் 2024 ஒக்டோபரில் வந்த டிராகன் ஏஜ்: த வெயில்கார்ட் நல்ல முன்னுக்கு நிற்கிறது, உயரம், தோள், இடுப்பு எல்லாவற்றையும் இழுத்துச் சரிசெய்யலாம், முடி காற்றில் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அங்கே இனங்கள் நான்குதான். இரண்டையும் ஒரே விளையாட்டில் யாராவது தந்தால் அடுத்த நாளே வாங்குவேன்.

இன்னொன்று, கடைசிப் பகுதியில் பெரிய நகரத்துக்குள் போன பிறகு, நாம் என்ன இனம் என்று கேட்கிற ஆட்கள் குறைந்துவிடுவதாக எனக்குப் பட்டது. முதல் பகுதியில் இருந்த அந்தக் கூர்மை அங்கே இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடி, முகம், குரல் பிடிக்காவிட்டால் பயமில்லை, முகாமில் இருக்கும் மாயக் கண்ணாடியில் எப்போதும் மாற்றலாம். கிளாஸையும் 100 தங்கம் கொடுத்து மாற்றலாம். இனத்தை மட்டும் மாற்ற முடியாது. அதனால் அந்த முதல் திரையில் அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு இனத்துக்கும் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். நான் மூன்றாம் தடவைக்குக் கித்யாங்கி எடுத்திருக்கிறேன், கப்பலில் இருந்து இறங்கி ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை, அதற்குள் முன்பு கண்ணிலேயே படாத பேச்சுகள் வரத் தொடங்கிவிட்டன.