பேரீச்சங்கொட்டைத் தூள்: குடிக்கலாம், லேபிளை நம்பி அல்ல

பழத்தைத் தின்றுவிட்டுத் துப்பும் கொட்டையை வறுத்து அரைத்து, காபிக்கு மாற்று என்று விற்கிறார்கள். மணம் நன்றாக இருக்கிறது, லேசான கசப்பு, கஃபீன் கிடையாது என்பதால் ராத்திரியிலும் குடிக்கலாம். ஆனால் கரையாத நார்ச்சத்து அதிகம், எவ்வளவு கலக்கினாலும் அடியில் மண் மாதிரி தங்கும், வடிகட்டத்தான் வேண்டும். சரி, டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் பொருள்? பொய்யில்லை. அந்த வேலையைச் செய்யும் தாவரப் பொருள்களான பாலிஃபீனால்கள் சதையைவிடக் கொட்டையில்தான் அதிகம்; அந்த வகையைச் சேர்ந்த கேட்டசின், எபிகேட்டசின், அவை கோத்து உருவான புரோசயனிடின் எல்லாம் உண்டு. ஆனால் சோதனைக்குழாயில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்காது, பெரிய புரோசயனிடின் மூலக்கூறுகளைக் குடல் அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. போதாததற்கு, கருக வறுத்தால் கேட்டசின்களில் ஒரு பகுதி சிதைந்துவிடும். எந்தப் பதத்தில் வறுத்தார்கள் என்று டப்பாவில் ஒரு வார்த்தை இல்லை! சுவைக்காக மறுபடி வாங்குவேன்.