மெரினா சிட்டி வீடு: தாளிப்பைத் தவிர எல்லாம் சுகம்

சிகாகோ மெரினா சிட்டியில் ஒரு ஸ்டூடியோ, அதாவது தனிப் படுக்கையறை இல்லாத ஓரறை வீடு, விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நான் அங்கே பல வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். ஆற்றங்கரை இரட்டைக் கோபுரம், ஊரார் வைத்த 'சோளக்கதிர்' பட்டம், கீழே 19 மாடிக்குக் கார் நிறுத்தம் எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது சமையலறையைப் பற்றி.

கட்டடக் கலைஞர் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் சூரியகாந்தியை மனதில் வைத்து வரைந்த கட்டடம் இது. நடுவில் கான்கிரீட் தண்டு, லிஃப்டும் படிக்கட்டும் அதற்குள். சுற்றிலும் 16 இதழ்கள். ஸ்டூடியோ என்றால் ஒரே இதழ்: வாசலில் குறுகலாகத் தொடங்கி பால்கனிப் பக்கம் விரியும். குளியலறையும் சமையலறையும் குறுகிய முனையில், தண்டை ஒட்டி. ஜன்னல் எதிர்முனையில் மட்டும்.

கடுகு வெடித்து வற்றலைக் கிள்ளிப் போட்டதும் கிளம்பும் நெடி, படுக்கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கோடையில் பால்கனிக் கதவைத் திறந்து சமாளிக்கலாம். ஜனவரிக் குளிரில் எப்படித் திறப்பது? போன வாரம் புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். போர்வையில் இன்னும் மிளகாய் நெடி. சுவரைத் துளைத்து வழி பண்ணலாம் என்றால், 2016-இல் நகர சபை இதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்துவிட்டது. வெளிப்புறத்தில் கை வைப்பது லேசான காரியமில்லை.

நியாயமாகச் சொன்னால், இப்படி ஒரு வீட்டில் நான் இருந்ததே இல்லை. உள்ளே நுழைந்து நடக்க நடக்கச் சுவர்கள் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போகும், கடைசியில் அரைவட்ட பால்கனி, கீழே ஆறு. சின்ன அறை என்ற நினைப்பே வராது. எல்லா வீட்டுக்கும் பால்கனி உண்டு. துணி துவைக்கும் இடம்கூட 20-ஆம் மாடியில், மெஷின் ஓடி முடிவதற்குள் ஊரையே பார்த்துவிடலாம். மக்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்த 1960களில், அவர்களை நகருக்குள் தக்கவைக்கக் கட்டடப் பராமரிப்புத் தொழிலாளர் சங்கம் முதல் போட்டுக் கட்டியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதைதான். கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டினால் மறுபக்கம் கோணலாக இடம் மிஞ்சும், அது பழகிவிடும்.

இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவேன் என்றால், அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டாவது ரகம்.