பழைய படத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கேட்பவர்களிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்

நேற்று இரவு பதினோரு மணிக்கு அந்த நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. 6,500 ரூபாய் போயிற்று. அதைவிட, தாத்தா இருக்கும் ஒரே படம் அவர்களிடம் மாட்டிக்கொண்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

1962ல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அம்மாவின் அப்பா. அஞ்சலட்டை அளவுகூட இல்லை. ஓரமெல்லாம் பூஞ்சை, குறுக்கே மடிப்பு விழுந்து தோள்பக்கம் வெடித்திருந்தது. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு 12க்கு 18 அங்குலத்தில் ஃப்ரேம் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டேன். சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கடை முகவரி கிடையாது, வாட்ஸப் எண் மட்டும்.

போனில் எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் தோளை மட்டும் சரிசெய்து சாம்பிள் வந்தது. மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அங்கேதான் விழுந்தேன். "எங்க தாத்தா படம் மாதிரி நினைச்சுப் பண்றோம்ணா. ஒரிஜினலை அனுப்புங்க, ஸ்கேன் பண்ணாதான் முகம் நல்லா வரும்" என்றான் அந்தப் பையன். ஸ்கேன் நல்லது என்பது உண்மைதானே, அதனால் சந்தேகமே வரவில்லை. முன்பணம் 1,500, ஃப்ரேமுக்கு என்று இன்னொரு 5,000, எல்லாம் யூபிஐயில். படத்தையும் கூரியரில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஃபைல் வந்தது. பார்த்ததும் மனசு சரியில்லை, அம்மாவிடமே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றார்.

தாத்தாவுக்கு இடது புருவத்தில் மாடு முட்டிய தழும்பு உண்டு. மடிப்போடு மடிப்பாக அதையும் வழித்தெடுத்திருந்தார்கள். காதில் கடுக்கனைக் காணோம். முகத்தைத் தெளிவாக்கும் இந்த ஏஐ கருவிகள் மங்கிப்போனதை மீட்பதில்லை. தாம் பழகிய ஏராளமான முகங்களை வைத்து, இப்படித்தான் இருக்கும் என்று புதிதாக ஒன்றை வரைந்துவிடுகின்றன. மனிதர் யாராவது உட்கார்ந்து ஒரிஜினலோடு ஒப்பிட்டிருந்தால் தழும்பு தெரிந்திருக்கும். ஃபைலும் 1024க்கு 1536 பிக்சல்தான். 12 அங்குல அகலத்துக்கு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில், 3600 பிக்சல் வேண்டும்.

கேட்டால், "எடிட்டர் லீவுண்ணா." மறுநாள் நான் 'சார்' ஆகிவிட்டேன். "பழைய படம்னா இவ்வளவுதான் சார் வரும்." சரி, 6,500ஐ நீயே வைத்துக்கொள், படத்தை மட்டும் அனுப்பு என்று கெஞ்சினேன். "அனுப்பியாச்சு சார்." கூரியர் ரசீது எங்கே? "ஆபீஸ்ல இருக்கு." நான்கு நாள் இதே பதில், அப்புறம் பிளாக். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக யோசனை சொல்ல நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பவே அனுப்பாதீர்கள். உள்ளூர் ஸ்டூடியோவில் எதிரே நின்று ஸ்கேன் செய்யுங்கள், சின்னப் படமென்றால் 1200 டிபிஐ. வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். முகத்தின் சாம்பிளைக் கேளுங்கள், தோளையும் சட்டையையும் காட்டினால் நம்பாதீர்கள். முகத்தைப் பார்க்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

இன்று காலையும் அம்மா, "அப்பா படம் எப்படா வரும்?" என்று கேட்டார். 6,500 ரூபாய் போனதைச் சொல்லிவிட்டேன். படம் போனதை இன்னும் சொல்லவில்லை.